ரீவியில் வரும் பாம்புக்காரர்கள்

நாங்கள் 1998ஆம் ஆண்டு சிட்னியின் மேற்குப் புறத்தில் வந்து குடியேறியபோது, வீட்டுக்குள் வந்த முதற் பொருள் ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி. எங்களுக்கு முன் வந்திருந்த ஊரவர் ஒருவர் தனக்குப் புதிது வாங்கியதால், பழையதைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். கதிரை மேசை எல்லாம் பிறகுதான் வந்தன. மாலையில் நிலத்தில் பாயை விரித்து அதன் முன்னால் குந்தியிருப்போம். ஆங்கிலம் பழகலாம் என்பது எண்ணம். ஆனால் செய்தி வாசிப்பவர்களோ ஓடி ஓடி வாசித்தார்கள். நகைச்சுவை நாடகங்களில் பின்னால் சிரிப்பொலி எழும்போது நாங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்போம். எதற்குச் சிரித்தோம் என்று தெரியாது. கடைசியில் எங்களுக்கு ஓரளவு விளங்கியவை மிருகங்கள் வரும் நிகழ்ச்சிகள்தான். சிங்கம் மானைத் துரத்துவதை விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை அல்லவா?

அப்படி எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்தவர்கள் இருவர். ஒருவர் பிரித்தானியாவின் டேவிட் அற்றன்பரோ. மற்றவர் இந்த நாட்டுக்காரரான ஸ்டீவ் இர்வின். இருவரைப் பற்றியும் அப்போது எங்கள் வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடக்கும். அற்றன்பரோவின் பக்கம் நாங்கள் இருவரும். இர்வினின் பக்கம் எட்டு வயது மகன். இருவருமே வேண்டாம், ரீவியை நிற்பாட்டுங்கோ என்று ஐயா.

நாங்கள் அற்றன்பரோவை விரும்பியதற்கு முதற் காரணம் அவருடைய ஆங்கிலம். ஒரு வசனம் சொல்வார், பிறகு கொஞ்சம் பேசாமல் இருப்பார். அந்த இடைவெளியில் நாங்கள் அகராதியைப் புரட்டிவிடலாம். 1926இல் பிறந்த அவர் 1952இல் பிபிசியில் சேர்ந்தவர். இந்தத் துறையில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த முதல் நிகழ்ச்சித் தொடர் 1954இல் தொடங்கியது. லண்டன் மிருகக்காட்சிச்சாலைக்காகத் தூர தேசங்களுக்குப் போய் உயிரினங்களைப் பிடித்துக்கொண்டு வருவதுதான் அதன் கதை. அந்த நாட்களில் அவரும் மலைப்பாம்பைக் கையால் பிடித்தவர்தான். ஆனால் 1979இல் வந்த உயிரின வரலாறு பற்றிய பெரிய தொடரில் நாம் காண்பது வேறொரு மனிதர். ருவண்டா நாட்டு மலைக்காட்டில் கொரில்லாக்கள் தாமாகவே வந்து அவரைத் தொட்டு விளையாடுகின்றன. அவர் அசையாமல் இருந்து, தாழ்ந்த குரலில் பேசுகிறார். பிடிப்பதிலிருந்து விலகியிருந்து பார்ப்பதற்கு வந்துசேர அவருக்கும் காலம் எடுத்தது.

இர்வின் அப்படியல்ல. காக்கிச் சட்டையும் அரைக்காற்சட்டையுமாகப் பற்றைக்குள் பாய்வார். பாம்பின் வாலைப் பிடித்துத் தூக்குவார். அது திரும்பிக் கொத்த வரும். அவர் இடுப்பை வளைத்து விலகிக்கொண்டே, 'கிரைக்கி! என்ன அழகு!' என்று கத்துவார். அவருடைய ஆங்கிலத்தில் எங்களுக்குப் பிடிபட்டது அந்த ஒரு சொல்தான். மகனோ மூன்று மாதத்தில் அப்படியே பேசப் பழகிவிட்டான். பள்ளிக்கூடத்தில் அவனை யாரும் கேலி செய்யாமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இன்று நினைக்கிறோம்.

ஐயாவின் கதை வேறு. அவர் 2000ஆம் ஆண்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். திரையில் பாம்பைக் கண்டால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார். அதற்குக் காரணம் இருந்தது. 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது எங்கள் உறவினர்கள் முதலில் தென்மராட்சிக்கும் பிறகு வன்னிக்கும் போனார்கள். காட்டை வெட்டிக் கொட்டில் போட்டு, நிலத்தில் படங்கு விரித்துப் படுத்தார்கள். 1996 மாரியில் ஓர் இரவு ஐயாவின் தங்கையின் மகனுக்குப் பாம்பு கடித்தது. பத்தொன்பது வயதுப் பெடியன். கடிவாயில் நோ இல்லை, வீக்கமில்லை. ஏதோ பூச்சி என்று நினைத்துத் திரும்பவும் படுத்துவிட்டான். விடியற்புறம் கண் இமை திறக்க முடியவில்லை. காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, முதலில் விசகடி வைத்தியரிடமும் பிறகு சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனார்கள். அங்கே அந்த நேரம் மருந்து இருக்கவில்லை. ஐயாதான் அவனைச் சைக்கிளில் பிடித்துக்கொண்டு போனவர். அதன்பின் பாம்பென்றால் அவருக்கு ஒரே ஒரு முடிவுதான்: பொல்லை எடு, அடி.

இப்படி ஒரே வீட்டில் பாம்பின் வாலைப் பிடிக்க ஆசைப்படும் பேரனும், கண்ட இடத்தில் அடிக்க வேண்டும் என்று நிற்கும் அப்பப்பாவும்.

முதலில் பலியானது ஒரு நீலநாக்கு ஓணான். புதிதாக வந்தவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. உடம்பு தடித்து, கால் குட்டையாக, தலை பாம்பின் தலை போலவே இருக்கும். புல்லுக்குள் கிடந்தால் கால் தெரியாது. பயந்தால் வாயைத் திறந்து நீல நாக்கை நீட்டிச் சீறும். அவ்வளவுதான், அதனிடம் விஷம் கிடையாது. நத்தைகளைத் தின்று தோட்டத்தைக் காக்கிற பிராணி. ஐயா அதை மண்வெட்டியால் இரண்டாக்கிவிட்டார். மகன் அன்று இரவு சாப்பிடவில்லை. 'அப்பப்பா கொலைகாரன்' என்று ஆங்கிலத்தில் சொன்னான். நல்ல காலம், ஐயாவுக்கு அது விளங்கவில்லை.

இரண்டாவது சம்பவம் 2001 ஜனவரி, பள்ளிக்கூட விடுமுறை. நல்ல வெயில். பின் வளவில் ஒரு தகரக் கொட்டில் இருந்தது. அதன் அருகே சத்தம் ஒன்றையும் காணோமே என்று எட்டிப் பார்த்தோம். மகன் குனிந்தபடி, ஒரு கையை முன்னே நீட்டிக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு முன்னால் இரண்டு முழத் தூரத்தில் மண்ணிறப் பாம்பு. அதன் வால் அவன் பக்கம். தலை கொட்டிலுக்குக் கீழே நுழையப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் மெல்லிய குரலில், ரீவியில் வருகிறவர் போலவே, யாருக்கோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கத்திலிருந்து ஐயா மண்வெட்டியோடு ஓடி வருகிறார்.

எங்களுக்குக் குரல் எழவில்லை. எங்களைக் காப்பாற்றியது வேலிக்கு அப்பால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த அயல் வீட்டு மூதாட்டி. இந்த நாட்டிலே பிறந்து வளர்ந்தவர். சத்தமாக, ஆனால் பதறாமல், இரண்டே சொற்கள் சொன்னார்: நில்லுங்கள், பின்னால் வாருங்கள். மகன் நின்றான். ஐயாவுக்கு மொழி விளங்காவிட்டாலும் குரல் விளங்கியது. அவரும் நின்றார். இருவரும் ஓரடி ஓரடியாகப் பின்வாங்கினார்கள். பாம்பு தன்பாட்டில் கொட்டிலின் கீழே போனது. மூதாட்டியே தொலைபேசியில் வனவிலங்கு மீட்புத் தொண்டர்களைக் கூப்பிட்டார். ஒரு பெண் வந்து அதைப் பையில் இட்டுக் கொண்டு போனார். கிழக்கத்திய மண்ணிறப் பாம்பு என்றார். அவுஸ்திரேலியாவில் பாம்புக் கடியால் நேரும் மரணங்களில் கூடுதலானவற்றுக்குக் காரணம் அந்த இனம்தான்.

போகும்போது அந்தப் பெண் எங்களிடம் சொன்னதை நாங்கள் மறக்கவில்லை. தன் வழியே போகும் பாம்பு துரத்தி வந்து கடிப்பது அரிது. பிடிக்கப் போகிறவரும் அடிக்கப் போகிறவரும்தான் கடி வாங்குகிறார்கள். அதோடு, இங்கே உள்ளூர்ப் பாம்புகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அடிப்பது குற்றம். ஐயாவுக்கு இதைத் தமிழில் சொன்னபோது, 'பாம்புக்குச் சட்டமோ? எங்களுக்கே அங்கை இருக்கேல்லையே' என்றார். நாங்கள் பதில் சொல்லவில்லை.

அன்றிரவு எங்களுக்கு ஸ்டீவ் இர்வின் மீது பொல்லாத கோபம். பிள்ளைகளைக் கெடுக்கிறார் என்று ரீவியை ஒரு மாதம் மூடி வைத்தோம். ஆனால் நாளாக நாளாக அந்தக் கோபம் முழுவதும் நியாயமல்ல என்று தோன்றியது. அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் அறிந்தோம். 1962இல் பிறந்தவர். பெற்றோர் 1970இல் குவீன்ஸ்லாந்தின் பீர்வா என்ற இடத்தில் ஊர்வன காட்சிச்சாலை ஒன்றைத் தொடங்கினார்கள். ஆறாவது பிறந்தநாளுக்கு மலைப்பாம்பைப் பரிசாகப் பெற்ற பிள்ளை அவர். வளர்ந்தபின், சனங்களுக்குத் தொல்லை என்று சுடப்படவிருந்த முதலைகளைப் பிடித்து வேறிடத்தில் விடும் வேலையை ஆண்டுக்கணக்காகச் செய்தார். உழைத்த பணத்தில் காட்டு நிலங்களை வாங்கிப் பாதுகாப்புக்கு ஒதுக்கினார். யாரும் அருவருக்கும் பாம்பையும் முதலையையும் 'அழகு' என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. நீலநாக்கு ஓணானுக்காக எங்கள் மகன் அழுததற்கு இர்வின்தான் காரணம். பாம்பின் வாலுக்குக் கை நீட்டியதற்கும் அவர்தான் காரணம். இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஆனாலும் 2004 ஜனவரியில் அவர் தன்னுடைய ஒரு மாதக் குழந்தையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு மறு கையால் முதலைக்குத் தீனி போட்டபோது, நாடே கொதித்தது. நாங்களும் கொதித்தோம். ஆபத்தில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். பார்க்கிற பிள்ளைகளுக்குத் தெரியாதே! அவருக்குப் பின்னால் முப்பது ஆண்டுப் பழக்கம் இருந்தது. அருகில் உதவியாளர் இருந்தனர். எடுத்த படத்தில் பிழைத்துப் போனதை வெட்டிவிடலாம். இவற்றில் ஒன்றையும் திரை காட்டுவதில்லை.

அமைதியானவர்கள் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. 2011இல் அற்றன்பரோவின் பனிப்பிரதேசத் தொடரில், பனிக்கரடிக் குட்டிகள் பிறந்த காட்சி காட்டில் எடுத்ததல்ல, ஐரோப்பாவின் மிருகக்காட்சிச்சாலை ஒன்றில் எடுத்தது என்று தெரியவந்து சர்ச்சையானது. குட்டி பிறக்கும் பனிக்குகைக்குள் கமராவைக் கொண்டுபோனால் தாயும் குட்டியும் ஆபத்துக்குள்ளாகும் என்பது தயாரிப்பாளர்களின் விளக்கம். விளக்கம் சரிதான். அதை நிகழ்ச்சியிலேயே சொல்லியிருக்கலாம் என்பது எங்கள் கருத்து. சிறுபிள்ளைகளுக்கான கேலிச்சித்திரம்கூட இடம் மாறினால் பிழையாகிவிடும். சிலந்திக்குப் பயப்படாதே என்று சொல்லும் பெப்பா பிக் பிரித்தானியாவில் நல்ல பாடம். சிவப்பு முதுகுச் சிலந்தியும் புனல்வலைச் சிலந்தியும் உள்ள இந்த நாட்டில் அது கூடாத பாடம் என்று 2012இல் ஏபிசி அந்தப் பகுதியை நிறுத்திவிட்டது. ஓர் ஊரின் அறிவு இன்னோர் ஊருக்கு அப்படியே பொருந்தாது. அகதியாக வந்த எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2006 செப்ரெம்பர் 4ஆம் திகதி இர்வின் இறந்தார். குவீன்ஸ்லாந்தின் போர்ட் டக்ளஸ் அருகே கடலில் படம் எடுக்கும்போது திருக்கை மீனின் முள் நெஞ்சில் பாய்ந்தது. வயது 44. அப்போது பதினான்கு வயதாயிருந்த எங்கள் மகன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். ஐயா செய்தியை இரண்டு முறை கேட்டார். 'திருக்கையோ?' என்றார். எங்கள் ஊர்க் கரையில் திருக்கையைத் தெரியாதவர் இல்லை. வலையில் பட்டால் முதலில் வாலைத்தான் பார்ப்பார்கள். அதன் காய்ந்த வாலைக் காட்டிப் பிள்ளைகளை வெருட்டிய காலமும் உண்டு. ஐயா போய்ப் பேரனின் அறைக் கதவைத் தட்டினார். 'டேய் மோனே, அவன் நல்லவன். ஆனால் கடல் அவன்ரை இடமில்லை. திருக்கை குத்த வந்ததில்லை, பயந்திட்டுது' என்றார். எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. பொல்லோடு நின்ற மனிதர் திருக்கைக்காகப் பேசுகிறார்!

அடுத்த சில நாட்களில் குவீன்ஸ்லாந்துக் கரைகளில் திருக்கைகள் பல கொல்லப்பட்டுக் கிடந்தன. சிலவற்றின் வால் வெட்டப்பட்டிருந்தது. இர்வினுக்காகப் பழி வாங்கினார்கள் என்று சந்தேகித்தார்கள். அவருடைய அமைப்பைச் சேர்ந்தவர்களே அதைக் கண்டித்தார்கள். வாழ்நாள் முழுவதும் பிராணிகளை வெறுக்காதே என்று சொன்னவருக்கு அதைவிட அவமதிப்பு உண்டா?

பின்னர் இந்தத் துறையில் இன்னொருவரை ஐயாவுக்குக் காட்டினோம். அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்த ரொமுலஸ் விற்றேக்கர். சென்னையில் பாம்புப் பண்ணையையும், 1976இல் முதலைப் பண்ணையையும் தொடங்கியவர். ராஜநாகம் பற்றி இவர் எடுத்த படம் 1998இல் எமி விருது பெற்றது. ஆனால் ஐயாவின் கண் போனது விற்றேக்கரின் மீதல்ல, அவரோடு நின்ற இருளர்கள் மீது. பாம்பு பிடிப்பதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட அந்த மக்கள், தோலுக்காகப் பாம்பு பிடிப்பது தடைப்பட்டபின், 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அங்கே பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி காட்டில் விடுகிறார்கள். இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம்தான் பெரும்பாலும் மூலப்பொருள். இலங்கை ஆஸ்பத்திரிகள் நம்பியிருப்பதும் இந்தியாவில் தயாராகும் மருந்தைத்தான்.

ஐயா நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 'அப்ப அண்டைக்கு எங்கடை பெடியனுக்குக் கிடைக்காமல் போன மருந்து இவையின்ரை கையிலையிருந்துதான் வாறதோ?' என்று கேட்டார். ஓம் என்றோம்.

அந்த இருளர்களில் இருவர், மாசி சடையனும் வடிவேல் கோபாலும், 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க உள்ளூரவர்கள் திணறியபோது, இவர்கள் இரண்டு கிழமைக்குள் பதின்மூன்றைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர்கள் 'கிரைக்கி' என்று கத்தவில்லை. பாம்பு போன தடத்தைப் பார்த்து, பற்றையை விலக்கி, வேலையை முடித்தார்கள். நாங்கள் பார்த்த பாம்புக்காரர்கள் எல்லாரிலும் எங்களுக்குப் பிடித்தவர்கள் அவர்கள்தான்.

இப்போது புதிதாக வந்து குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான். பிள்ளைகளை இந்த நிகழ்ச்சிகளைப் பார்க்கவிடுங்கள். நல்ல அறிவு, நல்ல ஆங்கிலம். ஆனால் தனியே பார்க்கவிடாதீர்கள். பக்கத்தில் இருந்து, 'இவருக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் தெரியுமா?' என்று கேளுங்கள்.

'உலகிலேயே கொடிய பாம்புகளின் நாடு' என்று ரீவி சொல்வதைக் கேட்டுப் பயந்தும் விடாதீர்கள். அந்த வரிசை ஆய்வுகூடத்தில் எலிகளுக்கு விஷத்தைச் செலுத்திப் போட்டது. இந்த நாட்டில் பாம்புக் கடியால் இறப்பவர்கள் சராசரியாக ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர். எங்கள் இலங்கையிலோ 2012-13இல் நாடளாவ வீடு வீடாக எடுத்த கணக்கின்படி ஆண்டுக்கு எண்பதாயிரம் பேர் வரை கடிபடுகிறார்கள், நானூறுக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். காலில் சப்பாத்து, கூப்பிட்டவுடன் வரும் அம்புலன்ஸ், ஆஸ்பத்திரியில் மருந்து. இந்த வித்தியாசம்தான் உயிரைக் காக்கிறது.

பாம்பைக் கண்டால் நில்லுங்கள், பின்வாங்குங்கள், பிள்ளைகளையும் நாயையும் உள்ளே எடுங்கள், உங்கள் மாநிலத்து மீட்புத் தொண்டர்களைக் கூப்பிடுங்கள். கடித்தால் 000க்கு அடியுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். கடிபட்டவரை நடக்கவிடக் கூடாது. கயிறு கட்டக் கூடாது, வெட்டக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கடிவாயைக் கழுவவும் கூடாது. அதில் ஒட்டியிருக்கும் விஷம் எந்தப் பாம்பு என்று கண்டுபிடிக்க உதவும். பாம்பைத் தேடிப் பிடிக்கவும் தேவையில்லை. அகலமான இழுபடும் பண்டேஜைக் கடிவாயின் மீதும், பிறகு விரல்களுக்குச் சற்று மேலிருந்து மேல்நோக்கிக் கை அல்லது கால் முழுவதும், சுளுக்குக்குச் சுற்றுவது போல இறுக்கமாகச் சுற்றி, தடி வைத்து அசையாமல் கட்ட வேண்டும். 1970களின் கடைசியில் மெல்பேணில் ஸ்ட்ரவன் சதர்லாந்து என்ற வைத்தியர் கண்ட முறை இது. இங்குள்ள பாம்புகளுக்கு ஏற்றது. ஊரில் புடையன் கடித்தவருக்கு இப்படிச் சுற்றும்படி தொலைபேசியில் சொல்லிவிடாதீர்கள். அங்கே கடிபட்ட இடமே வீங்கி அழுகக்கூடும். அசையாமல் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்கு என்பது மட்டும் இரண்டு நாட்டுக்கும் பொது.

ஐயா இப்போது இல்லை. மகனுக்கு ஒரு மகள் இருக்கிறாள். இர்வினின் பிள்ளைகள் பிண்டியும் ரொபேட்டும் வரும் நிகழ்ச்சிகளைக் கைத்தொலைபேசியில் பார்த்து, அவளும் காக்கிச் சட்டை கேட்கிறாள். வாங்கிக் கொடுத்திருக்கிறோம். சென்ற கோடையில் முற்றத்தில் ஒரு நீலநாக்கு ஓணான் வந்தது. ஓடி வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போய், பத்தடி தள்ளி நிற்பாட்டி, 'கிட்டப் போகக் கூடாது, அதுக்குப் பயம்' என்றாள்.

ரீவி மேசையின் லாச்சிக்குள் இரண்டு பண்டேஜ் சுருள்கள் எப்போதும் இருக்கின்றன. 2001இல் வாங்கி வைத்தவை பழுதாகிவிட்டன. இவை புதியவை. இதுவரை பிரிக்கவேண்டி வரவில்லை.